நான் பிடுங்கிய பிளக்கும் நிற்காத பில்லும்

அன்புள்ள மைத்துனருக்கு,

நானும் உங்கள் அக்காவும் நலம். தாங்களும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இத்தனை மாதம் எழுதாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லாததால் மன்னிப்பைச் சுருக்கமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். நான் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொல்லிவைக்க, கீழ்வீட்டுக்காரர் செத்துப்போன பிரிண்டரைத் தூக்கிவந்து அவள் முன்னால் வைத்துவிட்டார். அவள் பிரிண்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் விவரம் கேட்டேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை ஆழமாகப் படித்தவன் என்பதால் எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள். அவளுடைய பார்சல் கம்பெனியில் ஆர்டர், பில், வண்டி, தகவல் எல்லாம் ஒரே பெரிய மென்பொருளாம். ஒன்று இருமினால் எல்லாவற்றுக்கும் காய்ச்சல். அதைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கக்கூடிய பொது விதிப்படி அவை பேசிக்கொள்ளும்படி செய்கிறாள். எந்தக் கடை பல்பும் நம் வீட்டு ஹோல்டரில் மாட்டுகிறதே, அதுபோல யார் செய்த துண்டும் பொருந்துமாம். மேலாளருக்கோ எல்லாவற்றையும் ஒரே வெளிக் கம்பெனியிடம் வாங்கிப் போட ஆசை. அவர்கள் உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டவும் மாட்டார்கள், விட்டுப் போகவும் விட மாட்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமைதான் எதைப் போடுவதென்று முடிவு செய்யும் கூட்டம். அன்றைக்கென்று பார்த்துக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓரமாக உட்காருங்களப்பா என்றாள். மேசைமேல் துண்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகள், பில் போட மட்டும் இரண்டு, இரண்டும் வேறு வேறு குழு செய்தவை. எல்லாம் விளக்கி முடித்தாள். மேலாளர் சாய்ந்து உட்கார்ந்து, "பேப்பர்ல எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கும். ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கும்னு என்ன நிச்சயம்?" என்றார். இந்த நேரம் பார்த்து என் போனுக்குச் சார்ஜ் இல்லை. சுவரில் இடமில்லாமல் கைக்குக் கிடைத்த பிளக்கைப் பிடுங்கினேன். பில் பெட்டியின் விளக்கு அணைந்தது. ஆனால் திரையில் பில் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, மச்சான்! இன்னொரு குழுவின் பெட்டி, ஏன் எதற்கு என்று கேட்காமல் வேலையை வாங்கிக்கொண்டது.

"யாரு பிடுங்கினது?" என்றார் மேலாளர்.

"எங்கப்பா சார். சொல்லிவச்சுப் பண்ணல."

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சரிம்மா, உன்னுதையே போட்டுடலாம். அப்பாவை மட்டும் பிளக் பக்கம் விடாதே" என்றார். மற்றவர்கள் அவள் பெட்டியைச் சுற்றி நின்று கேள்வி கேட்க, அவள் நிதானமாகப் பதில் சொன்ன அழகைப் பார்க்க நீங்கள் இல்லையே என்றிருந்தது. நான் பெற்ற பெண்ணா என்று ஒரு நிமிடம் சந்தேகமே வந்துவிட்டது.

தங்கைக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நோய்நொடியில்லாமல், என் மூளை வாய்க்காமல், நீண்ட நாள் வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: சார்ஜர் கதையை நம்ப வேண்டாம். என்ன நிச்சயம் என்று மேலாளர் கேட்டதும், பதில் சொல்லத் தொடங்கிய பிள்ளையின் குரல் கம்மிவிட்டது. எல்லாம் அணைந்துபோனால் கரண்ட் கோளாறு என்று கூட்டத்தைத் தள்ளிவைப்பார்கள், அவள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்று நினைத்து, தெரிந்தேதான் பிடுங்கினேன். திரும்பி வரும்போது, "பயந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். நீ கட்டினது நிற்கும் என்று அந்த அறையில் நம்பாதவன் மேலாளர் மட்டும் இல்லையம்மா என்பதை மட்டும் சொல்லவில்லை.