அப்பா பார்த்த ஒரே கோல்

நான் ஐஸ் ஹொக்கியைத் தொழிலாக ஆடியவள். முன்கள ஆட்டக்காரி, அதாவது கோல் அடிப்பதுதான் வேலை. சூரிச்சிலும் சுவீடனிலும் எத்தனையோ கோல் அடித்திருக்கிறேன். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றே ஒன்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதை நான் அடித்தது எங்கள் சொந்த வலைக்குள்.

அப்பா அதுவரை என் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சூரிச்சின் ஓர்லிகோன் பகுதியில் ஓர் உணவகத்துச் சமையலறையில் அவருக்கு வேலை. எங்கள் ஆட்டங்கள் சனி, ஞாயிறுகளில். அவருக்கு வேலை கூடிய நாட்களும் அவைதான். ஈரலில் புற்றுநோய் வந்து வேலையை விட்ட பிறகுதான் அவருக்கு வார இறுதி என்று ஒன்று கிடைத்தது. நான் சுவீடனிலிருந்து திரும்பியதும் அந்த நோயால்தான். (கேட்டவர்களுக்கு முழங்கால் வலி என்றேன். அப்பாவுக்கும் அதையே சொன்னேன்.)

ஒரு சனிக்கிழமை காலை அப்பா சொன்னார்: "இண்டைக்கு நான் வாறன். இராசன் தன்ரை வாகனத்திலை கூட்டிக்கொண்டு போவான். நீங்கள் எந்தப் பக்கம் அடிப்பியள்?"

இராசன் அண்ணை அப்பாவின் கூட்டாளி, பலசரக்குக் கடை வைத்திருப்பவர்.

"இடது பக்கத்து வலை அப்பா," என்றேன்.

ஆட்டம் மூன்று பகுதி, ஒவ்வொரு பகுதிக்கும் பக்கம் மாறும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர்கள் வந்து சேர்ந்தது இரண்டாம் பகுதியில். அப்போது இடது பக்க வலை எங்களுடையது.

அப்பா பார்க்கிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிரணியிடமிருந்து பக் என்கிற ரப்பர் வட்டைப் பறித்தேன். துரத்தி வந்தார்கள். காப்பாற்றிக்கொள்ள எங்கள் வலைப் பக்கமாகத் திரும்பி ஓடினேன். அங்கே நின்ற எங்கள் தடுப்பாட்டக்காரிக்குத் தட்டிவிட்டதுதான், அது எங்கள் கோல்காப்பாளர் கரினின் காலில் பட்டு உள்ளே போய்விட்டது.

அரங்கத்தில் ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. மேலே கம்பளித் தொப்பியோடு அப்பா எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நிற்கவே கஷ்டப்படும் மனிதர். பக்கத்தில் இராசன் அண்ணையும் எழுந்துவிட்டார்.

வேறு கோல் விழவில்லை. ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம்.

வெளியே அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆட்டத்தை வெண்டுபோட்டு ஏன் பிள்ளை முகம் இப்பிடிக் கிடக்கு?"

"களைப்பு அப்பா."

அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் அவர் பேர்ண் நகரில் இருக்கும் தன் தம்பிக்கு அந்தக் கோலைப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தாதிக்கும் அந்தக் கோலை நான் ஜெர்மன் மொழியில் விவரிக்க வேண்டும், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். மூன்று பேரைத் தாண்டினேன் என்பேன். பொய்யில்லை. மூவரும் எங்கள் அணிக்காரர்.

மூன்று மாதத்தில் அப்பா போய்விட்டார்.

இறுதிக் கிரியைக்கு அணியினர் எல்லோரும் வந்து கடைசி வரிசையில் இருந்தார்கள். இராசன் அண்ணை அஞ்சலி உரையில், "தகப்பன் பாக்க வந்த அண்டைக்கு இந்தப் பிள்ளை தனிய ஓடி, ஒரு கோல் அடிச்சு, ஆட்டத்தையே வெண்டு குடுத்தது. அந்தச் சந்தோசத்தோடைதான் மனுசன் போனவர்," என்று சொல்லி அழுதார். சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் தலையை ஆட்டினேன்.

அவர் என்ன சொன்னார் என்று கரின் பிறகு கேட்டாள். மொழிபெயர்த்தேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கும் வந்துவிட்டது. அழுகிறோம் என்று நினைத்து ஒரு மாமி வந்து கட்டிப்பிடித்தார். அவர் வந்து சேர்வதற்குள் அது உண்மையாகவே அழுகையாகிவிட்டது.

அப்போதுதான் கரின் சொன்னாள். ஆட்டம் முடிந்து அவள் வெளியே வந்தபோது அப்பா அவளிடம் போயிருக்கிறார். அவளை எதிரணி என்று நினைத்து, தன் சமையலறை ஜெர்மனில், "மன்னிக்க வேணும். அவள் என்ரை மகள். குறை நினையாதையும்," என்று கை கொடுத்திருக்கிறார்.

"நீ என்ன சொன்னாய்?"

"அவளைத் தடுப்பது கஷ்டம் என்றேன்."

அன்று பின்னேரம் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, "அந்தப் பிள்ளையை ஒருநாள் சாப்பிடக் கூப்பிடு," என்றார்.

நான் ஆட்டத்தை விட்டு இப்போது சில வருடங்களாகின்றன. அப்பாவின் திவசத்துக்குக் கரின் வருடம் தவறாமல் வருகிறாள். அம்மா அவளைச் சொந்தக்காரர்களுக்கு அறிமுகப்படுத்துவார்: "இவதான் எங்கடை மகளிட்டைக் கோல் வாங்கின பிள்ளை." அவர்கள் இரக்கப்பட்டு அவள் இலையில் இன்னொரு வடை வைப்பார்கள். கரின் தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் முகம் மாறாமல் சொல்வாள்: "ஓம். நல்ல அடி."

அந்த நேரம் அம்மாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விடுவோம். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வெளியே வர முடியும்.