போர்டு அண்ணாச்சி வைத்த மீன்கள்

அந்தமான் தீவுகளில் அந்தக் காலத்தில் ரகசியம் காக்கத் தெரிந்த வாய் ஒன்றே ஒன்றுதான். அந்த வாயோ நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கும்.

அறுபதுகளில் போர்ட் பிளேர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த தூத்துக்குடிக்காரர் அவர். பெயர் யாருக்கும் நினைவில்லை, எல்லோருக்கும் போர்டு அண்ணாச்சி. அவர் தன் ஸ்விட்ச்போர்டுப் பலகையில் வயரைச் செருகினால்தான் யாரும் யாருடனும் பேச முடியும்.

"ஊரு வயரெல்லாம் எம் பலகையிலதாம்ல வந்து முடியுது. நான் வாயத் தொறந்தா எல்லா வீட்டுக் கதவும் தொறந்த மாதிரி" என்பார்.

ஒருநாள் எவனோ, நான் தற்காலிக வேலையில் இருந்த ஆபீஸின் அதிகாரி குரலில் பேசி, ஆபீஸ் ஜீப்பை வரவழைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான்; மறுநாள்தான் ஜீப் கிடைத்தது. அன்றோடு அண்ணாச்சி குரலை நம்புவதை விட்டார். அடையாளத்துக்கு அவரவர் வீட்டு நாயின் பெயரைக் கேட்டார். அதிகாரியோ தினமும் தான் குடியிருந்த லம்பா லைன் பகுதி முழுக்கக் கேட்கும்படி "டைகர்! டைகர்!" என்று கத்துகிறவர். அந்த ஏற்பாடு ஒரே நாளில் நாறிப்போனது. உடனே ஆளுக்கொரு மீன் பெயர் வைத்தார். டிரைவருக்குச் சுறா, அதிகாரிக்கு மத்தி, எனக்கும் ஒன்று.

"கௌன்? யாரு பேசுறது?"

"ஆபீசர்யா!"

"ஆபீசர்னு கடல்ல மீன் கெடையாது சார்."

"...மத்தி."

"கேக்கல சார்."

"மத்தி! மத்தி!"

ஆபீசே கேட்டுவிட்டதால் மறுநாள் அவரை நெத்திலி ஆக்கினார். அதையும் அவர் கத்தித்தான் சொன்னார்.

ஒருநாள் ஊருக்கு வெளியே புரோத்ராபூரில் மரம் விழுந்து ஒரு கூலியாளின் கால் நசுங்கியது. ஜீப்போ அதிகாரியின் குடும்பத்தோடு பிக்னிக் போயிருந்தது. போனை எடுத்து, அண்ணாச்சியிடம் என் மீனைச் சொல்லி லைன் வாங்கி, அதிகாரிக்கும் மேலே இருந்தவரிடம் நான் யாரென்று சொல்லாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வேறு வண்டி போய் ஆளைக் காப்பாற்றியது. அதிகாரிக்குச் சரியான டோஸ். சொன்னது நான் என்று தெரிந்தால் என் தற்காலிக வேலை போய்விடும், அடுத்த கப்பலில் மெயின்லேண்டுதான்.

அதிகாரி எக்ஸ்சேஞ்சுக்கே படையெடுத்தார். ஃபைலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது, வேறு யார், நான்தான்.

"அன்னைக்கு மேல போன் போட்டது யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"சொல்லு!"

"சொல்லமாட்டேன் சார்."

"உன்னக் கார் நிக்கோபார் தீவுக்குத் தூக்கச் சொல்லிடுவேன்!"

"அங்கயும் போர்டு உண்டா சார்?"

"உண்டு!"

"அப்ப அங்க உள்ளவங்க ரகசியத்தப் பாத்துக்கிடுதேன். போன் பேசணும்னா மீனச் சொல்லுங்க. இல்லன்னா வெளிய நில்லுங்க, வேல கெடக்கு."

என் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை.

சொன்னபடியே மாற்றல் வந்தது. கப்பல் துறைக்கு ஓடினேன். "அண்ணாச்சி, என்னாலதான..."

"யாருல நீ? மீனச் சொல்லு."

காதில் சொன்னேன்.

"ஓ, அந்த ஆளா! சாப்டியால?" என்று என் தோளைத் தட்டிவிட்டுக் கப்பல் ஏறினார்.

இப்போது என் கம்ப்யூட்டரும் கடவுச்சொல் கேட்கிறது. "சொல்லுங்கப்பா, நான் அடிக்கிறேன்" என்கிறாள் மகள். சொல்லமாட்டேன். அது அண்ணாச்சி எனக்கு வைத்த பெயர்.