கழுத்து நிக்கட்டும்

"கழுத்து நிக்கட்டும். அதுக்குப் பிறகு பாரு, பிள்ளையைக் கீழேயே விடமாட்டேன்."

அனெட் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் என் கணவர் ஒஸ்வல்ட் செய்த பிரகடனம் இது. சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டவர்தான். நாற்பது நாளாக அவிழ்க்கவேயில்லை.

அவரைக் கோழை என்று சொல்லிவிட முடியாது. அலுவிகாரைக்குப் பக்கத்தில் ஒரு மசாலாத் தோட்டத்தில் வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற வேலை. மிளகைப் பற்றி மட்டும் முக்கால் மணித்தியாலம் பேசுவார். மொட்டைத் தலைக்காரரைக்கூடச் சீப்பு வாங்கவைத்து விமானம் ஏற்றிவிடுவார். அப்பேர்ப்பட்டவர், மூன்றரைக் கிலோ மகளைக் கண்டால் அறைவாசலோடு நின்றுவிடுவார்.

பயம் எனக்கும்தான். மூச்சு விடுகிறாளா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். விட்டால், ஏன் இவ்வளவு வேகமாக விடுகிறாள் என்று பயப்படுவேன். தூக்கம் என்பதே கிடையாது. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், பிள்ளையை மடியில் வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது அவள் என் முழங்கால் வரை சறுக்கியிருந்தாள். இன்னும் ஒரு சாண் சறுக்கியிருந்தால் தரை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே இவரிடம் போனேன்.

"ஒரு மணித்தியாலம் வெச்சிருங்க. நான் படுத்து எழும்புறேன்."

"கழுத்து..."

"நிக்கட்டும். தெரியும்."

எங்கள் வளவில் அந்த மாதம் எல்லாருமே தாய்மார். மிளகுக் கொடி ஏறிய முள்முருங்கைகள் சிவக்கச் சிவக்கப் பூத்திருந்தன. அவற்றின் கீழே பெட்டைக்கோழி, மேலே பருந்து வட்டமிட வட்டமிட, பதினொரு குஞ்சுகளைச் சாவகாசமாகக் கூட்டிப்போனது. பதினொன்று! எனக்கு ஒன்றையே உயிரோடு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

பெரிய சனி காலையில் மதரும் சேர்ந்துகொண்டது. மதர் எங்கள் ஆடு. தாடியைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே என் கொன்வென்ட் மதர். அதனால் நான் வைத்த பெயர்.

முதல் குட்டி ஈரத் துணிபோல வந்து விழுந்தது. மதர் நக்க நக்க, அந்தத் துணியிலிருந்து ஒவ்வொரு காலாக வெளியே வந்தது. எழுந்தது. விழுந்தது. எழுந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் நேரே மடியைத் தேடிப் போனது. அனெட்டை அணைத்துக்கொண்டு நின்ற எனக்குக் கோயிலில் நிற்பதுபோல இருந்தது. செருப்பைக் கழற்றவேண்டும்போல இருந்தது.

இரண்டாவதும் விழுந்தது. மதர் மோந்து பார்த்துவிட்டு முட்டித் தள்ளியது.

பக்கத்து வீட்டு மபாஸா ராத்தா, ஆடு வளர்ப்பில் ஊருக்கே டொக்டர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அல்லாஹ்வே, இதுக்குக் கழுத்தே நிக்கல்லையே! தாய் எடுக்காட்டி நீங்கதான் பால் பருக்கோணும் தங்கச்சி. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா."

கழுத்து நிக்கல்ல. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது.

"இவருக்கு ஏலாது ராத்தா. நீங்களே கொண்டு போங்க."

"யாருக்கு ஏலாது?" என்றார் பின்னால் நின்ற இவர்.

"உங்களுக்குத்தான். கை நடுங்கும்."

"எனக்கா? கொண்டா அந்தச் சூப்பிப் போத்தலை!"

முதலில் பால் கறக்கவேண்டுமே. மதர் என்னைத் தவிர யாரையும் அண்டவிடாது. நானோ அனெட்டுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பொறுக்க ஏலாத மனிதர் என் பூப்போட்ட ஹவுஸ்கோட்டை மாட்டிக்கொண்டு, "அதுக்கு வாசம்தானே கணக்கு" என்று கொட்டிலுக்குள் போனார். யூனிபோர்ம் சரியில்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல மதர் அவரை மேலும் கீழும் பார்த்தது. பிறகு பொக்கெட்டைத் தின்றது. பிறகு உதைத்தது.

"ஒஸ்வல்ட் தம்பி, கவுன் நல்லா ஈக்கி!" வேலிக்கு அப்பாலிருந்து ராத்தாவின் சிரிப்பு வந்தது.

கடைசியில் கறந்தது நான். பருக்கியது அவர். முதல் தடவை சூப்பி குட்டியின் காதுக்குள் போனது. இரண்டாம் தடவை மூக்கு. உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்து பருக்கியபோது வாயைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும்? வேலையால் வந்ததும் குட்டிதான். படுக்கும் முன்னும் குட்டிதான். வெள்ளைக்காரர்களுக்குச் சொல்வதுபோல எனக்கு விளக்கம் வேறு.

"நல்லா பாரு கெத்தி. கழுத்துக்கடியில ரெண்டு விரல். தலை கொஞ்சம் மேல. பால் சூட்டை மணிக்கட்டுல விட்டுப் பாக்கணும். குடிச்ச பிறகு முதுகுல தட்டணும். முக்கியமா, பயப்படக்கூடாது."

"அப்பிடியா!" என்று கைகட்டிக் கேட்பேன்.

"எப்பிடிக் கொழுத்திருக்கு பாத்தியா? எல்லாம் என் கை ராசி."

அடுத்த சனிக்கிழமை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, குட்டியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். மெல்லப் போய்க் குட்டியை உருவிக் கீழே விட்டேன். அதே இடத்தில் அனெட்டை வைத்தேன்.

இரண்டு தட்டுத் தட்டினார். கண்ணைத் திறந்தார்.

"ஏய்! ஏய் கெத்தி! எடு! கழுத்து..."

"குட்டிக்கும் நிக்காமத்தானே இருந்துச்சு."

வாய்தான் கத்தியது. கை கத்தவில்லை. இரண்டு விரல்கள் தாமாகவே போய் அவள் கழுத்தடியில் ஊன்றிக்கொண்டன. தலை கொஞ்சம் மேல. அனெட் கண் விழித்து, இவர் யார் என்று நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு கொட்டாவி விட்டு, அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி தூங்கிவிட்டாள். எனக்கு மறுபடியும் செருப்பைக் கழற்றவேண்டும்போல இருந்தது.

"கெத்தி," என்றார், கோயில் குரலில். "பாரு, என்னைப் புடிச்சிக்கிட்டிருக்கா."

"வெச்சிருங்க. நான் படுக்கப்போறேன்."

அப்போதுதான் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் கீழே விட்ட குட்டி துள்ளிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடியது. நேரே மதரின் மடியில் வாய் வைத்தது. மதர் அதை அன்போடு நக்கிக்கொடுத்தது.

"இது... எப்ப இருந்து?"

"திங்கட்கிழமையில இருந்து. நீங்க வேலைக்குப் போன பிறகு ராத்தா வந்து குட்டி மேல உப்புத் தடவினாங்க. மதர் நக்கி நக்கி, தன்னோடதுன்னு எடுத்துக்கிச்சு."

"அப்ப நான் இந்த ஆறு நாளா..."

முகம் சிவந்தது. கத்துவதற்காக வாயை அகலத் திறந்தார். நான் உதட்டில் விரல் வைத்தேன்.

"சத்தம் போடாதீங்க. அசையவும் வேணாம். கழுத்து இன்னும் நிக்கல்ல."