ஏழு வெள்ளிக்கிழமையும் ஒரு அட்டைப்பெட்டியும்

“ஆண்டவர் ஆறு நாள்ல உலகத்தையே படைச்சு முடிச்சுட்டு, ஏழாம் நாள் ரெஸ்ட் எடுத்தார். நீங்க அஞ்சு கம்ப்யூட்டர்ல ஒரே ஒரு ப்ரோக்ராமைப் போட ஏழு வெள்ளிக்கிழமையா எடுக்கறீங்க. இன்னும் எத்தனை வேணும்?”

ரெபேக்காள் கேட்டது எழுத்து மாறாமல் இதுதான். கிளிட்டஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, மனைவிக்கு விஞ்ஞானம் சொல்லும் கணவனின் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“அது லினக்ஸ், ரெபேக்கா. விண்டோஸ் மாதிரி ரெண்டு தட்டு தட்டினா உள்ள போயிடாது. ஒண்ணைப் போட்டா இன்னொண்ணு இல்லைன்னு கத்தும். அதைத் தேடிப் போட்டா வேற ஒண்ணு இல்லைங்கும். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு குணம்.”

“பாவம். அதுகளுக்காவது உங்களைக் கூப்பிட்டு உக்கார வைக்கிற குணம் இருக்கே.”

ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் செய்கு முகம்மது பாய்க்கு ஒரு டைப்பிங் சென்டர். விசா, லேபர் கார்டு என்று நாள் முழுக்கப் படிவம் அடிக்கும் கடை. திருட்டுக் காப்பி விண்டோஸ் வைத்திருக்கும் கடைகளில் சோதனை வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, பாய் பயந்துபோய் அஞ்சு மெஷினையும் லினக்ஸுக்கு மாற்றினார். படிவம் நிரப்ப ஒரு ப்ரோக்ராமை நண்பர் கிளிட்டஸ் எழுதிக் கொடுத்தார். ஒழுங்காகத்தான் எழுதினார். அதை ஒழுங்காக ஒரே பேக்கேஜாகக் கட்டிக் கொடுத்தால் பாயே போட்டுக்கொள்வார் என்று தெரிந்ததும்தான் அவர் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

காரணம் சிக்கலானதல்ல. ஷார்ஜாவில் வெள்ளிக்கிழமை காலை சர்ச், மாலை ரோலா. ஜூனில் ஊருக்குப் போக லீவு. ஒரே கம்பளியைப் பதினோரு கடையில் தடவிப் பார்த்துவிட்டு ரெபேக்காள் முதல் கடைக்குத் திரும்புவாள். பின்னால் நாலு பையோடு கிளிட்டஸ் நடப்பார். இதற்குப் பாயின் ஏசி, சுலைமானி டீ, மூன்று புரோட்டா மேல் அல்லவா? ஆகவே ப்ரோக்ராமின் ஒவ்வொரு ஃபைலையும் கையாலேயே போட்டார். மெஷினுக்கு ஒரு வெள்ளி. அஞ்சும் முடிந்ததும் சரிபார்க்க இரண்டு வெள்ளி. எட்டாவதில் ப்ரோக்ராமின் புது வடிவம். மறுபடி முதல் மெஷினிலிருந்து. பணி ஓய்வு பெறும்வரை திட்டம் தயார்.

“சரி, போயிட்டு வாங்க” என்றாள் ரெபேக்காள். இரண்டாவது வார்த்தை பேசவில்லை. பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்திய மனிதருக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடைக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. போன் போட்டார்.

“பாய், என்ன, கடை பூட்டிக் கிடக்கு?”

“வெள்ளிக்கிழமைல்ல, தூங்குறேன்” என்றார் செய்கு முகம்மது, பாதித் தூக்கத்தில்.

“புது வெர்ஷன் போடணுமே!”

“அதான் புதன்கிழமையே போட்டாச்சே. மேடம் சிடி கொண்டுவந்து கொடுத்தாங்க. ஒரு கமாண்டு. அஞ்சு மெஷின்லயும் நானே போட்டேன். ஒரு சுலைமானி ஆறுறதுக்குள்ள வேலை கலாஸ்!”

“எந்த மேடம்?”

“உங்க மேடம்தான்! உங்க புண்ணியத்துல ஏழு வாரமா என் வெள்ளிக்கிழமைத் தூக்கம் போச்சு. போனை வச்சிரவா?”

போனைப் பார்த்துக்கொண்டே திரும்பினார். மேடம் பின்னாலேயே நின்றாள். கையில் நாலு காலிப் பை.

“நீ எப்படி...?”

“ஆபீஸ் பிரின்டர்ல ஓசியில ஒரு கட்டு பேப்பர் எடுத்துட்டு வந்தீங்களே, லினக்ஸ்ல பேக்கேஜ் கட்டுவது எப்படின்னு. ஒரு பக்கமாவது படிச்சீங்களா? நான் பருப்பு டப்பாவுக்கு அடியில விரிச்சு வச்சிருந்தேன். டப்பாவைத் துடைக்கறப்போ படிச்சேன். நல்ல இங்கிலீஷ். எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுத்த சிஸ்டர் அகதாவுக்கே பிடிச்சிருக்கும்.”

“படிச்சா புரிஞ்சிருமா? அது டெக்னிக்கல்!”

“என்ன டெக்னிக்கல்? வருஷா வருஷம் நான் ஊருக்கு அட்டைப்பெட்டி கட்டலையா? எது எந்த வீட்டுக்கு, எந்த அறைக்குன்னு மூடி மேல லிஸ்ட் ஒட்டறேன். இதுவும் அதேதான். எந்த ஃபைல் எந்த இடத்துக்கு, இது ஓட கூட என்னென்ன வேணும், எல்லாத்தையும் மேலயே எழுதணுமாம். போன லீவுக்கு இஸ்திரிப் பெட்டியைக் கட்டினீங்களே, ஊர் பிளக்குல போகாத சதுரப் பின்னுக்கு அடாப்டர் வச்சீங்களா? ஒரு மாசம் எங்க அக்கா கசங்கின சேலையோட சர்ச்சுக்குப் போனா. உங்க ப்ரோக்ராமுக்கும் அதே வியாதிதான். நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல நீங்க வச்சிருந்த புது வெர்ஷனை எடுத்து, அது கேட்கிற மூணு சாமானையும் அதே சிடியில சேர்த்துக் கட்டினேன். ஓடுது.”

கிளிட்டஸ் கடைசி ஆயுதத்தை எடுத்தார். “நாளைக்கு ஏதாவது தப்பு வந்தா? எழுதினவன் நான்தானே போகணும்?”

“பராமரிப்பவர் பேர், நம்பர்னு ஒரு வரி கேட்டுது. என் பேர் போட்டிருக்கேன். ப்ராப்ளம் வந்தா பாய் என்னைக் கூப்பிடுவார். நீங்க டென்ஷன் ஆகாதீங்க. உங்களுக்கு வேற வேலை இருக்கு.” நாலு பையும் கை மாறின.

ஒன்பதாவது கடை. ரெபேக்காள் அதே கம்பளியைப் பச்சையில் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு தோளிலும் பை தொங்க, கன்னத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கிளிட்டஸ் மூன்றாவது தடவையாகப் பாயைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கேட்பார் இல்லாத அந்தப் போனுக்குள் அவர் கெஞ்சினார்:

“பாய், ஒரே ஒரு மெஷினாவது ஓடலைன்னு சொல்லுங்களேன்...”