நடுவானில் பதினெட்டு மணி நேரம்

விடுப்புப் பிரிவின் தலைமை எழுத்தர் தமது இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாகத் தமக்கென்று ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதினார். கடல் கடந்த நகரத்தில் வேலை பார்க்கும் ஒரே மகளுக்கு அங்கேயே கல்யாணம். தூரம் ஒன்பதாயிரத்து நூறு கிலோமீட்டர். விமான டிக்கெட்டையும் மகளே எடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாளே மேலதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"காலைல பத்து மணிக்கு ஏறி, மத்தியானம் பன்னிரண்டுக்கு இறங்குறீங்க. ரெண்டு மணி நேரம். சரியா?"

"அது அந்த ஊர் மணி சார்..."

"வரும்போது பன்னிரண்டுக்கு ஏறி, மறுநாள் காலைல எட்டுக்கு இறங்குறீங்க. இருபது மணி நேரம். தூரம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? மிச்சம் பதினெட்டு மணி நேரம் எங்க இருப்பீங்க?"

"அங்க கடிகாரம் ஒம்பது மணி நேரம் பின்னால சார். போகப் பதினோரு மணி நேரம், வரவும் பதினோரு மணி நேரம்தான்."

"நம்ம ஆபீஸுக்கு ஒரே கடிகாரம். அதுக்கும் நீங்கதான் சாவி கொடுக்கறீங்க."

அதிகாரி விதிப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். 'சேர்ந்த மணியிலிருந்து புறப்பட்ட மணியைக் கழிக்க வருவதே பயண நேரம். இதற்கு விளக்கம் கோரலாகாது.' பக்கத்து ஊருக்குப் போன டிரைவர் தாமதமாக வந்ததற்காக எழுதப்பட்ட விதி. எழுதியவர் தலைமை எழுத்தரேதான். அதற்காகப் பாராட்டுக் கடிதம்கூட வாங்கியிருந்தார்.

அதிகாரியும் ஈரமில்லாதவர் அல்ல. பயண நேரத்தையும் பயண நோக்கத்தையும் நேரில் கண்டறிய மூவர் குழு அமைத்தார். தலைமை அவரே. விண்ணப்பதாரரைக் குழுவில் சேர்ப்பது முறையாகாதாம்; அறிக்கை வரும்வரை விடுப்பும் கிடையாதாம்.

கல்யாணத்தன்று மகள் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அப்பா, உங்க ஆபீஸ்லேர்ந்து மூணு பேர் வந்திருக்காங்க. உங்களுக்குப் போட்டு வெச்ச நாற்காலில ஒருத்தர் உக்காந்துட்டாரு. எழுந்திரிக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா. அவர்தான் எங்க மேலதிகாரி."

போனை வைத்துவிட்டு, பதிவறையில் அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதார்.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. 'பயணம் இருபுறமும் பதினோரு மணி நேரமே என்பது ஐயமற நிறுவப்பட்டது. திருமணம் இனிதே நிறைவுற்றதால் விண்ணப்பதாரர் பயணம் செய்யத் தேவை எழவில்லை.' கூடவே, ஒப்புதலுக்காக, ஏறிய மணியும் இறங்கிய மணியும் குறித்த குழுவினரின் வருகைப் பதிவு.

தலைமை எழுத்தர் சிவப்புப் பென்சிலை நிதானமாகச் சீவி, அதன் ஓரத்தில் எழுதினார்: 'போகையில் இரண்டு, வருகையில் இருபது. இடைப்பட்ட பதினெட்டு மணி நேரம் மூவரும் எங்கிருந்தனர்?'

அதிகாரி கோப்பும் கையுமாக ஓடிவந்தார். "என்னய்யா இது? பதினோரு மணி நேரம்னு அறிக்கையிலேயே இருக்கே?"

"விதி இன்னும் மாறலையே சார். மாத்தணும்னா இன்னொரு குழு போடணும்."

அதிகாரி கோப்பை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். தலைமை எழுத்தருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு அடுத்த கோப்பைப் பிரித்தார். தட்டச்சுப் பிரிவுப் பெண்மணியின் விண்ணப்பம். ஆஸ்பத்திரியில் கிடக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும், அதே நகரம், அதே விமானம். பதினெட்டு மணி நேரம் எங்கே என்று ஓரத்தில் எழுதி முடித்த பிறகுதான் தாம் என்ன எழுதினோம் என்று பார்த்தார்.

அழிக்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். கையெழுத்து நன்றாக வந்திருந்தது. சுருக்கொப்பம் போட்டு, கோப்பை அனுப்பிவிட்டார்.