நெவிலின் இடது முழங்கால்

கப்பல் ஏறுவதில்லை என்று நெவில் முடிவு செய்துவிட்டான். ரேலீனிடம் சொல்வதுதான் பாக்கி. நாற்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியவன். முடிவு செய்வது ஒரு வேலை, பெண்டாட்டியிடம் சொல்வது வேறு வேலை என்று தெரிந்தவன்.

மேற்கு ஆஸ்திரேலியாவில், மெரடின் ஊருக்குத் தெற்கே, அவனுக்கு ஆறாயிரம் ஏக்கர் கோதுமை நிலம். ஏப்ரல் இருபத்தைந்து, போரில் செத்தவர்களை நினைக்கிற ஆன்சாக் நாள், விடியற்காலையில் ஊர் நினைவுத்தூண் முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பான். வீட்டுக்கு வந்ததும் டிராக்டரில் ஏறுவான். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அன்றைக்குத்தான் விதைப்பு ஆரம்பம். அவன் அப்பாவும் அப்படித்தான்.

ரேலீன் கேட்டது வடக்கே கிம்பர்லிக் கடலோரம். புரூம் துறைமுகத்திலிருந்து கப்பலில் பத்து நாள். ரோடு கிடையாது, ஊர் கிடையாது. சிவப்புப் பாறையும் அருவியும் முதலையும்தான். கப்பல்காரன் அனுப்பிய புத்தகம் எட்டு வருஷமாக ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது.

மார்ச்சில் நெவில் ஒரு தந்திரம் செய்தான்.

“போனா அருவி நிறைஞ்சு விழும்போது போகணும், ரே. மழைக்காலம் முடிஞ்ச கையோட. ஆகஸ்ட்ல போய் வெறும் பாறையைப் பாக்கறதுக்கு நம்ம கொல்லையிலயே பாறை இருக்கு.”

“சரி. அப்ப ஏப்ரல் இருபத்தெட்டு கப்பல்.”

“அடடா. அது விதைப்பாச்சே.”

“கெர்ரி விதைப்பா.”

நெவில் டீயைக் கீழே வைத்தான். கெர்ரி மகள். முப்பத்து நாலு வயசு. ஆடுகளைப் பார்ப்பதும் மருந்தடிப்பதும் அவள்தான். ஆனால் விதைப்பு? விதைப்பவன்தான் அந்த நிலத்துக்கு எஜமான். ஒரு வருஷம் கொடுத்தால் அப்புறம் திரும்பி வராது.

மறுநாள் காலையிலிருந்து இடது முழங்கால் வலித்தது.

“எப்ப இருந்து?” என்றாள் ரேலீன்.

“ரொம்ப நாளா.”

“சொல்லவே இல்லையே.”

“நான் என்ன, எல்லாத்துக்கும் முனகுற ஆளா?”

“கிறிஸ்துமஸுக்கு இறால் ஓடு விரல்ல குத்தினதுக்கு மூணு நாள் படுத்திருந்தே.”

“அது விஷம், ரே. இது முழங்கால். கப்பல்லேருந்து ரப்பர் படகுல இறங்கணுமாம். நான் கால் தடுக்கி விழுந்தா கீழே முதலை.”

“நீ விழுந்தா அது அந்தப் பக்கம் ஓடிடும்.”

சொன்னாளே தவிர சிரிக்கவில்லை. ஃப்ரிட்ஜ் மேலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஒருமுறை புரட்டினாள். அலமாரிக்குள் வைத்து மூடினாள். நெவிலுக்கு என்னவோ போலிருந்தது. சண்டை போட்டிருந்தால் தேவலை.

சாயங்காலம் ஒரு காகிதத்தை நீட்டினாள். “கப்பல்காரனுக்கு. கையெழுத்துப் போடு.” ரத்து செய்கிற காகிதம்தானே என்று படிக்காமலே போட்டான். கொஞ்சம் வேகமாகவே போட்டான்.

அப்புறம் ஆறு வாரம் நொண்டினான். ஒழுங்காக, இடது காலையே. நாய்கூட அவனுக்காக மெதுவாக நடந்தது.

ஆன்சாக் நாள் வந்தது. நினைவுத்தூண் வரை நொண்டிப் போய் நொண்டி வந்தான். முற்றத்தில் டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. மேலே கெர்ரி.

“இறங்கும்மா.”

“இல்லப்பா. ஏழு படி. உன் காலுக்கு ஆகாது.”

“யார் சொன்னது?”

“நீதான் சொன்னே,” என்றாள் ரேலீன். கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். “ஏணி ஏற முடியாதவன் டிராக்டர் ஓட்டக்கூடாது. இந்த வீட்டுச் சட்டம். யார் போட்டது?”

அவன்தான் போட்டான். இருபத்தெட்டு வருஷம் முன்னால், இதே முற்றத்தில், இடுப்பு போன அப்பாவிடம் சாவிக்குக் கை நீட்டியபடி. அப்பா சாவியைக் கொடுத்தார். அந்த விதைப்பு முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, மகன் டிராக்டர் கிளப்பிய புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. நெவிலுக்கும் தோன்றவில்லை.

இன்றைக்கு அந்த ஜன்னல் காலியாக இருந்தது. நாற்காலி மட்டும் அங்கேயே கிடந்தது.

“முழங்கால் சரியாப் போச்சு,” என்றான்.

“எப்போ?”

“இப்பத்தான்.” சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். உச்சியில் நின்று இடுப்பில் கைவைத்துக் கீழே பார்த்தான். “பாத்தியா?”

“பாத்தேன். ரப்பர் படகுக்கு மூணே படிதான்.”

“கப்பல்தான் ரத்தாயிடுச்சே.”

“யார் சொன்னா? முழங்கால் திடமா இருக்குன்னு அந்தக் காகிதத்துல நீதானே கையெழுத்துப் போட்டே. பெட்டி கட்டியாச்சு. நாளன்னைக்குக் காலையில பெர்த்லேருந்து புரூமுக்கு விமானம்.”

நெவில் மகளைப் பார்த்தான். மகள் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். பிறகு எழுந்து அவனுக்கு இடம் விட்டாள்.

“முதல் சுத்து நீ போடுப்பா. எப்பவும் நீதான் போடணும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

போட்டான். கெர்ரி பக்கத்திலேயே நின்று வந்தாள். கோடு நேராகத்தான் விழுந்தது. வேலியோரம் ரேலீன் அந்தப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றாள், அவன் எட்டு வருஷமாகப் பார்க்காத முகத்தோடு. போய்த்தான் பார்ப்போமே என்று அவனுக்கே தோன்றியது. அதை அவளிடம் சொல்லப்போவதில்லை.

சுற்று முடிந்தது. சாவியை மகளிடம் கொடுத்துவிட்டு, கம்பீரமாகவே முதல் படியில் காலை வைத்தான்.

இடது முழங்கால் நிஜமாகவே வலித்தது.