பேதுருவின் சாட்சி செல்லாது

சிம்போத்தே துறைமுகம்,
ஜூன் 24.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை எலெவுத்தேரியோவுக்கு, மைத்துனன் அப்தோன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பட்டறையும் நலம். இரத்தக் கொதிப்பு மட்டும் உங்கள் வீட்டார் தயவில் ஏறியிருக்கிறது. தாங்களும் குழந்தையும் நலமென்று நம்புகிறேன். என் தங்கை எர்மெலிந்தாவின் நலத்தை இந்தத் தடவை விசாரிப்பதாக இல்லை. கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

போன ஞாயிறு, எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன் விற்கும் உங்கள் செவிச்சேக் கடையில், நான் செய்துகொடுத்த எவர்சில்வர் மேசையைச் சுற்றிப் பத்துப் பேர் மீன் தின்றுகொண்டிருக்கும்போது, அவள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த புனித பேதுருவைப் பெயர்த்துக்கொண்டு வந்தாளே, முதுகில் காந்தம் வைத்த அந்தப் பொம்மையை, அதை மேசையின் முன்பக்கத் தகட்டில் வைத்தாள், வழுக்கி விழுந்தார். சந்தோஷம். அதோடு விட்டாளா? மூலை மடிப்பில் வைத்தாள். அங்கே அவர் கொஞ்சம் தொங்கினார். தொங்கினார் என்றுகூடச் சொல்லமாட்டேன், விழத் தயங்கினார், அவ்வளவுதான். உடனே இவள் கடைக்கே கேட்கிற மாதிரி, “காந்தம் ஒட்டுற தகரத்தை எவர்சில்வர்னு என் தலையில கட்டுனவன், என் பொண்ணுக்கு ஞானத்தகப்பனா? பல்தசாரையே கூப்பிட்டுக்கலாம்” என்கிறாள். பல்தசார் யார்? அடுத்த தெருப் பட்டறைக்காரன். நீங்களோ சர்க்கரைவள்ளிக் கிழங்கை மென்றுகொண்டே இருந்தீர்கள்.

நான் கேட்கிறேன், ஒரே தகடு நடுவில் யோக்கியன், ஓரத்தில் அயோக்கியனா? நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது, வாஸ்தவம். ஆனால் அதை இயந்திரத்தில் கொடுத்து அழுத்தி மடித்தால், மடித்த இடத்தில் உள்ளமைப்பு மாறி லேசாகப் பிடிக்கும். வெல்டிங் வைத்த இடத்திலும் பிடிக்கும். அடி வாங்கினா மனுஷனுக்கே குணம் மாறுது, தகட்டுக்கு மாறக்கூடாதா? உங்கள் மீன் வெட்டும் கத்தியில் பேதுருவை வைத்துப் பாருங்கள், உடும்பாகப் பிடிப்பார். அதுவும் எவர்சில்வர்தான், கூர் நிற்பதற்கான வேறு வகை. அந்தப் பல்தசார் செய்த மீன் கழுவும் தொட்டியில் எங்கே வைத்தாலும் ஒட்டமாட்டார். ஏன்? நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கலந்த மட்டத் தகடு அது. காந்தத்தை ஏமாற்றிவிட்டது, கடற்காற்றை ஏமாற்ற முடியுமா? இரண்டே மாதத்தில் செக்கச்செவேலென்று துரு. என் மேசை இரண்டு வருஷமாக உப்பையும் எலுமிச்சையையும் குடித்துக்கொண்டு பளபளவென்றுதான் நிற்கிறது.

சாட்சி யார் என்றும் பார்க்க வேண்டாமா? ஆண்டவரைப் பிடித்துப்போன இரவில், சேவல் கூவுவதற்குள் மூன்று தடவை “அவரை எனக்குத் தெரியாது” என்று மறுதலித்தவர். கடலோடிகளின் பாதுகாவலர், கும்பிடுகிறேன், திருநாளில் படகு ஊர்வலத்துக்கும் வருகிறேன். ஆனால் ஆண்டவர் விஷயத்திலேயே புரண்டவரை என் தகட்டு விஷயத்தில் கூண்டில் ஏற்றுவதா?

மாப்பிள்ளை, மனசு விட்டுச் சொல்கிறேன். எனக்கென்று பிள்ளை குட்டி இல்லை. வருகிற 29-ஆம் தேதி பேதுரு திருநாளன்று உங்கள் மகளைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டியருகே நிற்கத்தான் புதுச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன். அந்தத் துருத்தொட்டிக்காரன் கையில் பிள்ளையைக் கொடுத்தால் எனக்குத் தாங்காது. ஒரு பொட்டுக் காந்தத்தை நம்பி ஒருத்தனைத் திருடன்னு சொல்லலாமா? இதை அவளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். பல் நன்றாக முளைக்கட்டும், தாயின் வாய் மட்டும் வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பழி சுமந்து நிற்கும்
அப்தோன் கிஞோனெஸ்.

பின்குறிப்பு: குழந்தைக்கென்று ஒரு வெள்ளிச் சங்கிலி வாங்கினேன். சுத்த வெள்ளி என்று நகைக்கடைக்காரன் சிலுவை போட்டுச் சத்தியம் செய்தான். வீட்டுக்கு வந்து பட்டறைக் காந்தத்தை வைத்தேன். சங்கிலியில் ஒட்டவில்லை, கொக்கியில் மட்டும் டக்கென்று ஒட்டியது. கொக்கிக்குள் இருக்கும் சின்னச் சுருள்வில் எஃகு என்கிறான். இந்தக் கதையெல்லாம் யார்கிட்ட? நடுக்கடையில் நின்று திருடன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளை மறுபடி போகிறேன். என் காந்தம் பழசாம், அதை நம்பமாட்டானாம். அதனால் உங்கள் வீட்டுப் பேதுருவை, இந்தக் கடிதம் கொண்டுவரும் பையனிடமே ஒரு நாளைக்குக் கொடுத்தனுப்புங்கள். அவரே சொன்னால் அவனால் மறுக்க முடியாது.